புதுப்பிப்பு: தொப்புள்கொடி ஊசிக்குப் போகலைங்க

போன ஆடியில இங்க எழுதியிருந்தேன். பாப்பாவுக்குப் பிறவியிலேயே கண் நரம்பு சரியா வளரலை, தொப்புள்கொடி ஸ்டெம் செல்லை (வேற செல்லா மாறக்கூடிய மூல செல்) ஊசியாப் போட்டா பார்வை வந்துரும்னு ஒரு கிளினிக்ல சொல்றாங்க, எட்டு லட்சம், கோபிப் பக்கத்துத் தோட்டத்தை வித்துரலாமான்னு கேட்டிருந்தேன்.

விக்கலைங்க. கோயமுத்தூர்ல ஒரு கண் டாக்டரம்மா முக்கால் மணி நேரம் உக்காந்து விளக்கினாங்க. 1988-ல பாரிஸ்ல ஃபான்கோனி ரத்தசோகை (எலும்பு மஜ்ஜை சரியா ரத்தம் ஊற வைக்காத பரம்பரை நோய்) இருந்த பையனுக்குத் தங்கச்சியோட தொப்புள்கொடி ரத்தம் ஏத்தினாங்க, பலிச்சுது. அது மஜ்ஜையில போய் உக்காந்து புது ரத்தம் ஊற வைக்கும். கண் நரம்புல இல்லாத இழையை அது நெய்யாதுங்க. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்லயும், இந்த மாதிரி ஊசியை ஆராய்ச்சியாத்தான் செய்யணும், சிகிச்சைன்னு விக்கக்கூடாதுன்னு இருக்கு.

அதைவிட முக்கியம், இந்தக் குறை உள்ள குழந்தைகள்ல நிறையப் பேருக்குப் மூளைக்கு அடியில இருந்து தைராய்டு மாதிரி மத்த சுரப்பிகளை ஏவற பிட்யூட்டரி சுரப்பியும் சரியா வேலை செய்யாதாம். ரத்தம் எடுத்துப் பாத்தா தைராய்டு கம்மி! எட்டு லட்சம் கேட்டவங்க இதை ஒரு வார்த்தை கேக்கலை. இப்ப தினமும் காலையில வெறும் வயித்துல, பாப்பாவோட அம்முச்சி (பாட்டி) தைராய்டு மாத்திரையைக் கரண்டித் தண்ணியில நுணுக்கிக் குடுக்கறாங்க.

முந்தாநேத்து களத்துல மஞ்சள் காயப்போட்டிருந்தோம். பாப்பா தலையைச் சாய்ச்சுப் பாத்து, ஒரு விரலி மஞ்சளை நேரா எடுத்துட்டா. சின்ன வயசுல மூளை வளர வளரப் பார்வை கொஞ்சம் தெளியறது உண்டுன்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. ஊசி போட்டிருந்தா அதுக்குத்தானுங்க பேர் போயிருக்கும்.

அடுத்த செக்கப் சித்திரையில.