அசகுசாவில் அன்றாடக் காய்கறிக்கு எங்கே போவது?

வணக்கம். டோக்கியோ அசகுசாவில், சென்சோஜி கோயிலுக்குப் பின்பக்கம் 6 வருடமாகக் குடியிருக்கிறோம். தெருமுனைக் காய்கறிக் கடை மார்ச்சில் மூடிவிட்டது. இப்போது அங்கே கிமோனோ வாடகைக்குத் தருகிறார்கள். சுற்றிலும் நினைவுப்பொருள் கடைகளும் மெலன்பன் என்கிற இனிப்பு பன் கடைகளும்தான். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வெங்காயம் ஒன்றொன்றாக பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறது. நாலு பேர் சாம்பாருக்கு அது எந்த மூலைக்கு?

பருப்பு, அரிசிக்கு மாதம் ஒருமுறை, இந்தியக் கடைகள் இருக்கிற நிஷி-கசாய் போகிறேன். நிஹோன்பாஷியில் ரயில் மாறி, 10 கிலோ பையோடு படியேறுவது முதுகுக்கு ஆகவில்லை. உவேனோ அமெயோகோ சந்தையில் அடித்தளக் கடைகளில் கொத்தமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் வேலை முடிந்து நான் இறங்கும்போது இரவு எட்டரை, மூடிவிடுகிறார்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் குழந்தை வண்டியைத் தள்ளவே முடியாது. அப்புறம் ஆன்லைனில் வாங்கிப் பார்த்தோம். எங்கள் கட்டடத்தில் டெலிவரி பெட்டி இல்லை, பகலில் வீட்டில் ஆளும் இல்லை. கீரை இரண்டு முறை திரும்பிப் போய்விட்டது.

சைக்கிள் இருக்கிறது. அசகுசா, தவராமாச்சி, மினோவா பக்கம் 15 நிமிடத்துக்குள், இரவு 9 மணிக்கு மேலும் திறந்திருக்கிற, காய்கறி மலிவான கடை எது?