சின்னப் பையன்கள் ஜெர்சி

குழு: வடக்குத்தெரு உறவுகள்

ஜெனிஷ், மாலை 6:12
எல்லோருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் செவன்ஸ் ஃபுட்பால் டூர்னமென்ட் ஃப்ளெக்ஸ் மாடல் வந்துவிட்டது. நாளை காலை கொல்லங்கோட்டில் பிரிண்டுக்குக் கொடுக்க வேண்டும். தவறு ஏதாவது இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

ஜெனிஷ், 6:12
[படம்]

ஜெனிஷ், 6:13
[படம்]
இது 14 வயதுக்குட்பட்ட பையன்களின் ஜெர்சி. மார்த்தாண்டத்தில் தைக்கக் கொடுக்கப் போகிறோம்.

லூர்து சித்தி, 6:20
நிறம் ரொம்ப நன்றாக இருக்கிறது மக்கா.

சகாயம் மாமா, 6:24
தெருக்குழாயில் இன்று தண்ணீர் வருமா, யாருக்காவது தெரியுமா?

வின்சென்ட் சார், 6:31
ஜெனிஷ், பையன்கள் நெஞ்சில் பெரிதாகப் போட்டிருக்கிறதே, அது எந்தக் கம்பெனி?

ஜெனிஷ், 6:33
சோடா கம்பெனி சார். இந்த வருடம் அவர்கள்தான் மெயின் ஸ்பான்சர். 1,25,000 ரூபாய் தருகிறார்கள். பெரிய டீம், சின்ன டீம் இரண்டுக்கும் ஜெர்சி அதற்குள்ளேயே வந்துவிடும்.

வின்சென்ட் சார், 6:35
அந்த சோடாவை நீ எந்தக் கடையிலாவது வாங்கிக் குடித்திருக்கிறாயா?

ஜெனிஷ், 6:38
இல்லை சார்.

வின்சென்ட் சார், 6:41
நானும் பார்த்ததில்லை. ஆனால் அதே பெயர், அதே எழுத்து போட்ட குவார்ட்டர் பாட்டிலைக் காலையில் கடற்கரையில் நடக்கப் போகும்போது தினமும் பார்க்கிறேன். வலை இழுக்கிறவர்கள் காலைக் கிழிக்காமல் இருக்க, பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் நடக்கிறேன். அந்தப் பெயரையா பதின்மூன்று வயதுப் பையன் சட்டையில் போடுவது?

ஷாஜி, 6:50
சார், சட்டப்படி அது சோடாதானே. உலகம் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது. ஆர்சிபி டீமின் பெயரே ஒரு விஸ்கியின் பெயரிலிருந்து வந்தது. ஃபுட்பாலை எடுத்துக்கொண்டால், கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கு முன்னால் கிங்ஃபிஷர், மோகன் பகானுக்கு முன்னால் மெக்டவல்ஸ் என்று பல வருடம் போட்டுத்தான் ஆடினார்கள். லிவர்பூல் ஜெர்சியில் 1992 முதல் 2010 வரை கார்ல்ஸ்பெர்க். நம் ஊர்ப் பையன்கள் அந்த ஜெர்சியைப் போட்டு இதே மணலில் ஆடவில்லையா?

ஷாஜி, 6:52
நான் குடிக்கிற ஆளில்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் லைட், ஜெனரேட்டர், ரெஃப்ரி, வெளியூர் டீம்களுக்குச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். போன வருடம் கடைசி நேரத்தில் ஜெனிஷ் வீடு வீடாக அலைந்தான்.

ஆன்சி, 7:04
ஷாஜி சித்தப்பா, அது சோடாதான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லலாம். 1994ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகள் மதுவையும் புகையிலையையும் நேராகவோ மறைமுகமாகவோ விளம்பரப்படுத்தக் கூடாது என்று சொல்கின்றன. அந்தத் தடை வந்ததால்தான் சோடா, தண்ணீர், மியூசிக் சிடி, கண்ணாடி டம்ளர் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். விற்பதற்காக வந்த சோடா இல்லை, பெயர் மறந்துவிடாமல் இருக்க வந்த சோடா. 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறையே ஐபிஎல் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. மைதானத்திலும் டிவியிலும் மது, புகையிலை விளம்பரம் வேண்டாம், இந்த மறைமுக விளம்பரமும் வேண்டாம் என்று கேட்டது.

ஷாஜி, 7:09
அரசாங்கம் கடிதம் எழுதும். அதே நேரம் அரசாங்கமே கடை திறந்து விற்கும். 2003ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்தது. இன்று வருடத்துக்கு 45,000 கோடிக்கு மேல் வருமானம். அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். ஏழைக் கிளப் ஒரு பெயரைப் போட்டால் மட்டும் குற்றமா?

வின்சென்ட் சார், 7:15
கேட்டவர்கள் இருந்தார்கள் ஷாஜி. உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை எடுக்கச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் அந்தப் போராட்டத்திலேயே இறந்தார். 2015 ஜூலை 31. இங்கிருந்து அது எவ்வளவு தூரம்? அன்று நாம் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

லூர்து சித்தி, 7:22
ஷாஜி தம்பி, நீ சொல்கிற கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் கடை கடையாகவே இருக்கட்டும். அங்கே போகிறவன் தெரிந்துதான் போகிறான். மைதானம் அப்படி இல்லை. சாயங்காலம் பிள்ளை எங்கே என்று யாராவது கேட்டால், மைதானத்தில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாக மீன் விற்கப் போகிறேன். எனக்கு இருக்கிற ஒரே நிம்மதி அதுதான். உங்கள் சித்தப்பா ஆழ்கடலில் தங்கல் முடிந்து கரைக்கு வந்ததும் பங்குப் பணத்தோடு எங்கே போவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மகன் வீட்டில் அந்தப் பாட்டிலைப் பார்த்துத்தான் வளர்ந்தான். மைதானத்துக்குப் போனாலும் அதே பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டுதான் ஓட வேண்டுமா?

பினு (குவைத்), 7:25
சித்தி 🙏

சகாயம் மாமா, 7:26
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வின்சென்ட் சார், 7:48
ஒரு விஷயம் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். இருபது வருடத்துக்கு முன்னால், நான் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தபோது, நம் கிளப்புக்கு முதல்முறையாக ஒரே மாதிரி ஜெர்சி வந்தது. அதற்கு முன்னால் ஆளாளுக்கு ஒரு பனியன், எதிரணியும் அதே நிறத்தில் வந்தால் ஒரு டீம் சட்டையைக் கழற்றிவிட்டு ஆடும். பக்கத்து ஊரில் பார் நடத்துகிறவர் ஒருவர் ஜெர்சி வாங்கித் தருகிறேன் என்றார். போய் வாங்கி வந்தது நான்தான். பையன்கள் அன்று இரவு அதைப் போட்டுக்கொண்டே தூங்கினார்கள்.

வின்சென்ட் சார், 7:55
அந்த வருடம் சின்னத்துறையை அரையிறுதியில் ஜெயித்தோம், இறுதியாட்டத்தில் பொழியூர் டீமை ஜெயித்தோம். கோப்பை வந்த இரவு, ஒரு வேனில் பெட்டிகளும் வந்தன. ஜெர்சி கொடுத்தவர் அனுப்பியது. டீமில் பாதிப் பேர் பிளஸ் டூ முடிக்காதவர்கள். எனக்குத் தகவல் வந்து நான் கிளப்புக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பல பையன்கள் முதல் மிடறு குடித்தது அன்றுதான். ஜெயித்ததற்குக் கிடைத்த பரிசாக அதைக் குடித்தார்கள். பயந்து ஒளிந்து குடித்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். கைதட்டலோடு சேர்த்துக் கொடுத்ததை எப்படி விடுவார்கள்?

வின்சென்ட் சார், 7:58
அந்த டீமின் கோல் கீப்பர் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எல்லோருக்கும் தெரியும். மாவட்டத் தேர்வுக்கு நான்தான் அவனை நாகர்கோவில் கூட்டிப் போனேன். இப்போது அவன் மகன் நம் சின்ன டீமில் ஆடுகிறான். ஜெனிஷ் அனுப்பிய படத்தில் 1ஆம் எண் ஜெர்சி அவனுக்குத்தான் தைக்கப் போகிறார்கள்.

பினு (குவைத்), 8:03
சார், அந்த வேன் வந்த இரவு நானும் அங்கே இருந்தேன். எனக்குப் பதினாறு வயது.

ஆன்சி, 8:06
பிரான்சில் 1991லேயே ஒரு சட்டம் போட்டார்கள். டிவியில் மது விளம்பரம் கிடையாது, விளையாட்டுக்கு மது ஸ்பான்சரும் கிடையாது. 1998ல் உலகக் கோப்பை அங்கேயே நடந்தது. ஃபிஃபாவுக்கு ஸ்பான்சராக இருந்த அமெரிக்க பீர் கம்பெனியால் மைதானத்தில் ஒரு பலகை வைக்க முடியவில்லை. நம் தெருவில் பாதிப் பேர் அழுத அந்த இறுதியாட்டம், ஜிடேன் இரண்டு கோல் போட்டு பிரேசில் 3-0 என்று தோற்ற ஆட்டம், பீர் பலகை இல்லாமல் நடந்த ஆட்டம்தான்.

ஷாஜி, 8:10
அது பிரான்ஸ். பணக்கார நாடு. பிரேசில் என்ன செய்தது? ரசிகர்கள் சண்டைக்காக ஸ்டேடியத்தில் பீர் விற்கத் தடை வைத்திருந்தார்கள். 2014 உலகக் கோப்பை வேண்டும் என்றதும் ஃபிஃபா சொன்னபடி சட்டத்தைத் தளர்த்தினார்கள். பணம் தருகிறவன் சொல்வதுதான் நடக்கும்.

வின்சென்ட் சார், 8:14
நான் பயப்படுவது அதற்குத்தான் ஷாஜி. ஒரு நாட்டையே வளைக்க முடிந்தால் நம் கிளப் எம்மாத்திரம்? இந்த வருடம் ஜெர்சி. அடுத்த வருடம் மைதான ஓரத்தில் ஸ்டால் போட இடம் கேட்டால் ஜெனிஷ் எப்படி மறுப்பான்?

ஜெனிஷ், 8:19
சார், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பரிசளிப்பு முடிந்த பிறகு விளையாட்டு வீரர்களுக்குத் தனியாக ஒரு பார்ட்டி வைப்பதாகவும் சொன்னார்கள். நான் சாப்பாடு என்றுதான் நினைத்தேன்.

லூர்து சித்தி, 8:20
ஆண்டவரே.

ஷாஜி, 8:27
அதை நீ முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் ஜெனிஷ்.

ஷாஜி, 8:31
சரி. சின்னப் பையன்கள் ஜெர்சியில் அந்தப் பெயர் வேண்டாம், நானும் ஒத்துக்கொள்கிறேன். பார்ட்டியும் வேண்டாம். பெரிய டீம் ஜெர்சியிலும் ஃப்ளெக்ஸிலும் மட்டும் போட்டால் என்ன? அவர்கள் எல்லாம் வளர்ந்த ஆட்கள்.

வின்சென்ட் சார், 8:36
நீ சின்னப் பையனாக இருந்தபோது யார் ஜெர்சி மாதிரி வேண்டும் என்று அழுதாய்? உன் வயதுப் பையன் போட்டதையா, கேப்டன் போட்டதையா?

ஆன்சி, 8:44
ஸ்பான்சர் போனால் ஆட்டம் நின்றுவிடும் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். 90களில் இந்திய கிரிக்கெட் டீமின் நெஞ்சில் வில்ஸ் என்று சிகரெட் பெயர்தான் இருந்தது. 1996 உலகக் கோப்பைக்கே வில்ஸ் கோப்பை என்று பெயர். புகையிலை விளம்பரத் தடை வரப்போகிறது என்றதும் 2001ல் அந்தக் கம்பெனி விலகியது, 2003ல் சட்டமும் வந்தது. கிரிக்கெட் ஏழையாகிவிட்டதா? 2025 ஆகஸ்டில் ஆன்லைன் சூதாட்டச் சட்டம் வந்ததும் இந்திய டீம் ஜெர்சியிலிருந்து ட்ரீம்11 விலகியது. அடுத்த மாதமே டயர் கம்பெனி வந்துவிட்டது.

ஆன்சி, 8:47
அந்த 1996 உலகக் கோப்பையில் சச்சின் பேட்டில் ஸ்டிக்கரே இல்லை. சிகரெட் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்ட அவர் சம்மதிக்கவில்லை. மது, புகையிலை விளம்பரம் செய்ய மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தத் தொடரில் அதிக ரன் எடுத்தது அவர்தான், 523. தென்னாப்பிரிக்காவின் ஆம்லாவும் டீம் முழுவதும் பீர் லோகோ போட்டபோது அது இல்லாத சட்டையில்தான் ஆடினார்.

ஷாஜி, 8:52
அவர்களுக்கு வேறு பணம் வரும் ஆன்சி. நமக்கு 1,25,000 எங்கிருந்து வரும்? அதை யாராவது சொல்லுங்கள்.

பினு (குவைத்), 8:55
என் பங்கு 15,000. சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன்.

வின்சென்ட் சார், 8:57
பென்ஷனிலிருந்து 10,000.

லூர்து சித்தி, 9:01
என்னால் 2,000 முடியும். குறைவுதான், எழுதிக்கொள் மக்கா.

ஜெனிஷ், 9:04
சித்தி, குறைவு என்று சொல்லாதீர்கள். முதல் பரிசை 50,000லிருந்து 30,000 ஆக்கினால் இன்னும் 20,000 மிச்சம். பூத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை டீம்களிடம் நான் பேசுகிறேன். பரிசுக்காக மட்டும் வருகிறவர்கள் இல்லை அவர்கள்.

ஷாஜி, 9:16
நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பெரியவர்கள் டீமுக்கு வாங்கியிருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் 20,000 தருகிறேன். படகில் இருக்கிற ஜெனரேட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள், வாடகை 12,000 மிச்சமாகும். டீசல் மட்டும் கிளப் போட்டுக்கொள்ளட்டும்.

ஜெனிஷ், 9:22
எல்லாம் சேர்த்து 79,000 ஆகிறது. இன்னும் 46,000 வேண்டும். தங்கல் போன படகுகள் கிறிஸ்துமஸுக்குக் கரை வரும்போது ஒவ்வொரு படகிலும் கேட்கிறேன்.

ஜெனிஷ், 9:24
இன்னொரு சிக்கல். அட்வான்ஸ் 25,000 வாங்கிவிட்டேன். அதில் 8,000க்குப் பந்தும் கோல் வலையும் வாங்கியாயிற்று.

வின்சென்ட் சார், 9:27
அந்த 8,000ஐ நான் இப்போது தருகிறேன். படகுகள் வந்த பிறகு திருப்பிக் கொடு. காலை எட்டு மணிக்கு நானும் உன்னோடு வருகிறேன். கோபமாகப் பேச வேண்டாம், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ஜெனிஷ், 9:28
சரி சார். தனியாகப் போகத்தான் பயமாக இருந்தது.

சகாயம் மாமா, 9:33
நான் முதலில் ஒன்று எழுதி அழித்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நான் குடிக்கிறவன், எல்லோருக்கும் தெரியும். சார் சொன்ன அந்த டீமில் நானும் ஆடினேன். சின்னப் பையன்கள் ஜெர்சி தைக்கிற கூலி முழுவதும் என்னுடையது. பெயர் எதுவும் போட வேண்டாம்.

லூர்து சித்தி, 9:35
சகாயம் 🙏

ஜெனிஷ், 9:41
அப்படியானால் நெஞ்சில் என்ன போடுவது? மாடல் போடுகிறவர் கேட்கிறார்.

வின்சென்ட் சார், 9:43
ஊர் பெயரைப் போடு. கீழே எண்.

ஜெனிஷ், 9:46
பெற்றோர் எல்லோரும் பிள்ளையின் சட்டை அளவை இப்போதே அனுப்புங்கள். 28, 30, 32 மூன்றுதான் இருக்கிறது. 1ஆம் எண்ணுக்கு மட்டும் முழுக்கை வேண்டும், கீப்பர் அளவை யாராவது வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.

லூர்து சித்தி, 9:49
நான் போய்க் கேட்டு வருகிறேன். என் மகனுக்கு 30.