சிஎம்ஐ கைவிட்டுப் போச்சு, மத்த ரிசல்ட் பாக்கி. இப்பவே தனியார்ல பணம் கட்டலாமா?

வத்தலக்குண்டு அண்ணன்:
தங்கச்சி ப்ளஸ் டூ, கம்ப்யூட்டர் மேத்ஸ் குரூப். ரெண்டு வருஷமா சிறுசேரியில இருக்கிற கணித நிறுவனமான சிஎம்ஐ தவிர வேற பேச்சே கிடையாது. நேத்து ரிசல்ட், கிடைக்கலை. அறிவியல் படிப்புக்கான ஐசர் நுழைவுத் தேர்வு ரிசல்ட், ஐஐடி-என்ஐடி சீட்டுக்கான ஜோசா, தமிழ்நாட்டு இன்ஜினியரிங் சீட்டுக்கான டிஎன்இஏ கவுன்சலிங் எல்லாம் இனிமேதான். அப்பா ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலையில நாளைக்கே ஒரு லட்சம் கட்டணும்னு நிக்கிறார். "கட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்"ங்கிறார். அவ வேணும்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை. தட்டுல சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கா. என்ன பண்றது?

ரெண்டு பிள்ளை அப்பா:
கட்டுங்க தம்பி. கையில ஒரு சீட் இருந்தா அடுத்த ரிசல்ட்டைப் பார்க்கும்போது கை நடுங்காது. பணமும் எங்கேயும் போயிடாது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல போட்ட விதிப்படி, சேர்க்கைக்கு அறிவிச்ச கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னாடியே விலகினா அஞ்சு சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல போகாம, பிடிச்சுக்கிட்டு மீதியைத் தந்தாகணும்.

கவுன்சலிங் கிறுக்கன்:
விதி இருக்குங்க, நானும் படிச்சிருக்கேன். என் மச்சினனுக்கு ஒரு காலேஜ்ல கட்டின பணம் திரும்பி வர ஏழு மாசம் ஆச்சு. கட்டுறதுன்னா ஒண்ணு: ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் விட்டுட்டு வராதீங்க. அதை வாங்கி வச்சுக்கக் கூடாதுன்னும் அதே விதியில இருக்கு.

ஆனா கட்டவே வேணாம்ங்கிறேன். டிஎன்இஏ-வை நுழைவுத் தேர்வு மாதிரி நினைச்சுப் பயப்படுறீங்க. அங்க பரீட்சையே கிடையாது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. மார்க் வந்த அன்னைக்கே கட்ஆஃப் தெரிஞ்சாச்சு. அவளுக்கு எவ்வளவு?

வத்தலக்குண்டு அண்ணன்:
193.5.

கவுன்சலிங் கிறுக்கன்:
இதுக்கா தூக்கம் வரலை? போன வருஷம் எந்தக் காலேஜ் எந்த கட்ஆஃப்ல முடிஞ்சதுன்னு உங்க கம்யூனிட்டிக்குப் பார்த்தா, ஒரு சாயங்காலத்துல லிஸ்ட் போட்டுடலாம். அந்த லட்சம் அப்பாவோட தூக்க மாத்திரை, அவ்வளவுதான்.

ரெண்டு பிள்ளை அப்பா:
அப்பாவைக் கிண்டல் பண்றது சுலபம். ஜோசாவுல கிடைச்ச சீட்டை ஏத்துக்கிட்டு ஃப்ளோட் கொடுத்து மேல பார்க்கிறதில்லையா? டிஎன்இஏ-விலயும் ஏத்துக்கிட்டு மேல்நோக்கிக் காத்திருக்க வழி இருக்கில்ல? அதையேதான் அவர் வீட்டுக் காசுல செய்றார். அது புத்திசாலித்தனம், இது மட்டும் பயமா?

கவுன்சலிங் கிறுக்கன்:
நல்ல கேள்வி. ஆனா ஃப்ளோட்ல வர்ற ஒவ்வொரு பேரும் அந்தப் பொண்ணே வரிசைப்படுத்தினது. அப்பா கட்டப்போற சீட் அவ லிஸ்ட்டுலயே இல்லை. சிஎம்ஐ இல்லைன்னு வந்த மறுநாளே அதைக் கட்டினா, "உனக்கு இனி இவ்வளவுதான்"னு வீடே சொல்ற மாதிரி ஆயிடாதா?

மூணாவது வருஷம்:
எனக்கும் இதே சிஎம்ஐதான், இதே ஜூன்தான். இப்ப அரசுக் கல்லூரியில பிஎஸ்சி கணிதம், அடுத்து எம்எஸ்சி-க்கான நுழைவுத் தேர்வு ஜாம் எழுதப் போறேன். ரெண்டு பேரும் சீட்டைப் பத்தியே பேசுறீங்க. எனக்கு அன்னைக்கு வலிச்சது சீட் இல்லை. அந்தப் பரீட்சையில ஏ பகுதியில குறிப்பிட்ட மார்க் வந்தாத்தான் பி பகுதியைத் திருத்துவாங்க. பி-யில ஒரு நிரூபணத்தை முழுசா, அழகா எழுதிட்டு வந்திருந்தேன். அதை யாராவது படிச்சாங்களான்னே இன்னிக்கு வரைக்கும் தெரியாது. "விடு, வேற காலேஜ் இருக்கு"ன்னு வீட்டுல சொன்ன ஒவ்வொரு தடவையும் எரிச்சல்தான் வந்துச்சு. தங்கச்சிகிட்ட என்ன எழுதினான்னு கேட்டீங்களா, அண்ணே?

இன்னொண்ணு, ஐசர் மார்க்கை வச்சு அவளை எடை போடாதீங்க. 60 கேள்வியில 15 உயிரியல். அவ குரூப்ல அந்தப் பாடமே இல்லை.

ரெண்டு பிள்ளை அப்பா:
தம்பி சொல்றது நியாயம்தான். ஆனாலும் நான் கட்டச் சொல்ற கட்சிதான். என் மூத்தவனுக்குக் காத்திருந்து காத்திருந்து, ஆகஸ்ட்ல கிடைச்சதுல போட்டோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

வத்தலக்குண்டு அண்ணன்:
ராத்திரி கேட்டேன். முதல்ல "ஒண்ணுமில்ல"ன்னா. அப்புறம் பழைய ரெக்கார்டு நோட்டுப் பின்பக்கத்துல பி பகுதி கணக்கு ஒண்ணை எழுதிக் காட்டினா. நான் பி.காம், பாதிக்கு மேல புரியலை. நடுவுல அவளே நிறுத்தி, "இங்க ஒரு கேஸை விட்டுட்டேன்"னு சொல்லிட்டு, ஒரு மணி வரைக்கும் அதையே போட்டுக்கிட்டு இருந்தா. காலையில சாப்பிட்டா.

அப்பாகிட்ட ஐசர் ரிசல்ட் வர்ற வரைக்கும் தவணை வாங்கியிருக்கேன். செக் எழுதி பீரோவுல வச்சிருக்கார், தேதி மட்டும் போடலை. கிறுக்கன் அண்ணே, அந்த லிஸ்ட் போடுறதுக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா?