ஹிப்ரிடன் கார்ட்ஸ் கம்பெனியில் வீழ்ந்தவர்கள் 91 பேரா, 84 பேரா?

மலைச்சாரல்:
அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்காகத் திரண்ட ஊர்க் கம்பெனிகள் (ஏறத்தாழ நூறு வீரர்கள் கொண்ட படை அணிகள்) பெயரில் மட்டுமே வீரம் கொண்டிருந்தன என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வட கரோலினாவின் 26ஆவது காலாட்படைப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்சன் கவுண்டியின் (மாவட்டத்தின்) பீ டீ வைல்ட் கேட்ஸ், சாதம் கவுண்டியின் சாதம் பாய்ஸ் என்று ஊருக்கொரு பெயருடன் பத்துக் கம்பெனிகள் 1861 ஆகஸ்டில் ராலே அருகே ஒரே படையாயின. கால்டுவெல் கவுண்டி இளைஞர்கள் லெனோர் ஊரருகே நிற்கும் மலையின் பெயரால் ஹிப்ரிடன் கார்ட்ஸ் ஆனார்கள். அதுவே ‘எஃப்’ கம்பெனி. 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அவர்கள் 91 பேரும் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தார்கள். ஓர் ஊரே மனமுவந்து சென்று தன்னைக் கொடுத்தது.

கணக்கன்:
91 அல்ல, 84. போரின் இழப்புகளைத் தொகுத்து 1889-இல் வெளிவந்த நூல், இப்படைப்பிரிவின் ஒரு கம்பெனியில் இருந்த 84 பேருமே குண்டடி பட்டார்கள் என்றும், அவர்களின் பட்டியலை எழுதிய சார்ஜெண்டின் இரு கால்களையும் குண்டுகள் துளைத்திருந்தன என்றும் கூறுகிறது. காலில் குருதி வழிய எழுதியவனின் எண்ணைத் தள்ளிவிட்டு ஏழு பேரை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?

மலைச்சாரல்:
கம்பெனியின் கேப்டன் டட்டில் தாமே எழுதியதிலிருந்து. அதிகாரிகள் மூவர், வீரர்கள் 88 பேர். அவர்களில் 31 பேர் இறந்தார்கள், 60 பேர் காயமுற்றார்கள். களத்தில் நின்றவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

கணக்கன்:
களத்தில் நின்றவர் பல ஆண்டுகள் கழித்து, தம் கம்பெனிக்கு நிகரில்லை என்று நிறுவுவதற்காக எழுதியது அது. 1862-இன் ஆன்டீட்டம் போரில் தென்தரப்பின் 1ஆவது டெக்சஸ் படைப்பிரிவு நூற்றுக்கு 82 பேரை இழந்ததை நான் சொன்னபோதும் நீங்கள் இப்படித்தான் முகம் திருப்பினீர்கள். அதை நான் மறக்கவில்லை. 84 என்றால் 84. மேலும், 1862 ஏப்ரல் 16-இல் வந்த கட்டாயப் படைச் சேர்ப்புச் சட்டம், ஓராண்டுக்கென்று வந்தவர்களையும் மூன்றாண்டு நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகும் மனமுவந்து என்று எழுதுவதற்கு உங்களால் எப்படி முடிகிறது?

நெய்தல்:
அந்த ‘எஃப்’ கம்பெனியில்தான் 1862 மார்ச்சில் மலிண்டா பிளாலாக் என்ற பெண் ஆணுடை தரித்து, சாம் என்ற பெயரில் தன் கணவன் கீத்துடன் சேர்ந்தாள். கீத்தின் மனம் வடக்கின் பக்கம் இருந்தது. நச்சுச் செடியில் உடலைத் தேய்த்துக்கொண்டு நோயாளி போல் காட்டி அவன் படையிலிருந்து விடுவிப்புப் பெற்றான். பின்னர் இருவரும் அதே மலைகளில் தென்தரப்பை எதிர்த்தே போரிட்டார்கள். ஊரே ஒருமனப்பட்டது என்பது பொய்.

மலைச்சாரல்:
விலகிய இருவரைக் காட்டி நின்றவர்களின் மானத்தை அளக்காதீர்கள்.

நெய்தல்:
மானம் யாருக்காக? 26ஆவது படைப்பிரிவின் தலைவர் பர்க்வின் ரோனோக் ஆற்றங்கரையில் அடிமைகளை உழைக்கவைத்த பெருந்தோட்டக் குடும்பத்தின் மகன். அடிமைமுறையைக் காக்க எழுந்த ஓர் அரசுக்காக மலைநாட்டுப் பிள்ளைகள் மடிந்தார்கள் என்பதை ஒருமுறையாவது எழுதுங்கள்.

மலைச்சாரல்:
அந்தப் பர்க்வின் 21 வயதில், கொடியைக் கையில் ஏந்தியபோது குண்டடி பட்டு இறந்தவர். அதை நீங்கள் ஏன் எழுதவில்லை?

கணக்கன்:
கொடியையும் தோட்டத்தையும் பற்றி நீங்கள் இருவரும் வேறிடத்தில் சண்டையிடலாம். பிளாலாக் தம்பதியரும் கெட்டிஸ்பர்க்குக்கு முன்பே போய்விட்டவர்கள். அவர்களால் எந்தக் கணக்கும் மாறாது. கெட்டிஸ்பர்க்கில் எதிரே நின்ற, வடதரப்பின் 24ஆவது மிச்சிகன் படைப்பிரிவும் டெட்ராய்ட்டிலும் வேய்ன் கவுண்டியிலும் திரட்டப்பட்ட ஊர்ப்படையே. அது 496 பேரில் 363 பேரை இழந்தது. அவர்களுடைய எண்ணில் எவரும் ஏழு பேரைக் கூட்டுவதில்லை. என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

மலைச்சாரல்:
விடை தந்தாயிற்று: 91. அந்தக் கம்பெனியில் மூன்று இரட்டையர் இணைகள் இருந்தார்கள். அந்த ஆறு பேரில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தாய்மார்களிடம் சென்று உங்கள் 84-ஐச் சொல்லியிருப்பீர்களா?

கணக்கன்:
சொல்லியிருப்பேன். அவர்களுடைய பிள்ளைகளும் அந்த 84 பேருக்குள்தான் இருக்கிறார்கள்.