டெலிரியத்துக்குத் தமிழ்: சன்னி பொருந்துமா?

> சன்னி என்று பழைய சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

வணக்கம்.

இருக்கிறதுதான். ஆனால் சன்னி என்றதும் நினைவுக்கு வருவது கடும் காய்ச்சல், பிதற்றல், கை கால் இழுப்பு. நான் செவிலியர் கையேட்டில் எழுத வேண்டியதோ இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் எண்பது வயதுக்காரரைப் பற்றி. அவருக்குக் காய்ச்சல் இல்லாமலே டெலிரியம், அதாவது உடல்நலக் கோளாறால் திடீரென்று கவனமும் மனத்தெளிவும் குலையும் நிலை, வரலாம். வாயைத் திறக்காமலே கிடக்கலாம்.

என் இரவுப் பணியில் அப்படி ஒரு பாட்டி இருந்தார். அறுவை முடிந்த இரண்டாம் நாள். பக்கத்துக் கட்டில்காரர் ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்ததால் எல்லோரும் அவரைச் சுற்றியே நின்றோம். பாட்டி சத்தமே இல்லை. "நல்லா தூங்குறாங்க, எழுப்பாதீங்க" என்றார் மகள். "அமைதியாக உறங்கினார்" என்று குறிப்பேட்டில் எழுதியது நான்தான். காலையில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். பார்த்தால் சிறுநீர்ப்பை நிரம்பி அடைத்திருக்கிறது. காது கேட்கும் கருவி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இருவருக்கும் ஒரே கோளாறுதான். ஒருவருக்கு மட்டும்தான் நாங்கள் அந்தப் பெயரை வைத்தோம்.

அதனால் 'பிதற்றல் நிலை' எனக்கு உதவாது. 'மனக்குழப்பம்' என்றால் கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்பதும் அதில் அடங்கும். 'மயக்கம்' வேண்டவே வேண்டாம். அறுவைக்குக் கொடுத்த மருந்து இன்னும் தெளியவில்லை என்று வீட்டார் பேசாமல் இருந்துவிடுவார்கள். 'நினைவு தடுமாற்றம்' முதுமை மறதியோடு போய் ஒட்டிக்கொள்ளும். மறதிநோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. இது சில மணி நேரத்தில், சில நாளில் வருவது. ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும், பெரும்பாலும் இரவில் கூடும்.

லத்தீனில் இந்தச் சொல்லின் வேர் உழவிலிருந்து வந்தது: ஏர் 'சால்' எனப்படும் உழுத கோட்டை விட்டு விலகுவது. 'சால்தப்பு' என்று வைத்துப் பார்த்தேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உழவுச் சால் அறியாதவர்களுக்கு அதற்கும் ஓர் அடிக்குறிப்பு போட வேண்டும்!

என் பரிந்துரை: தெளிவுகுலைவு. நிலைகுலைவு, சீர்குலைவு வரிசையில் வருவதால் ஒற்று மிகாமல் எழுதியிருக்கிறேன். 'தெளிவிழப்பு' என்றால் போனது போனதுதான் என்று தொனிக்கிறது. குலைந்ததைச் சீராக்கலாம். வலியை அடக்கி, தண்ணீர் போதுமான அளவு கொடுத்து, மலச்சிக்கலையும் நோய்த்தொற்றையும் கவனித்து, கண்ணாடியை மாட்டிவிட்டு, இரவில் விளக்கை அணைத்து, கூடிய சீக்கிரம் எழுப்பி உட்காரவைத்தால் பலர் தெளிந்துவிடுகிறார்கள். 'தெளிந்துவிட்டார்' என்று வீட்டாரிடம் அதே வேர்ச்சொல்லிலேயே சொல்லவும் முடிகிறது.

பேசாத நோயாளிக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது. டெலிரியம் இருக்கிறதா என்று படுக்கையருகிலேயே விரைவாகப் பார்க்கும் 4ஏடி (4AT) சோதனையில் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வதெல்லாம் அப்புறம்தான். முதலில் பார்ப்பது விழிப்புநிலை. எழுப்பிய பிறகும் கண் சொருகிக்கொண்டே போனால் அதற்கு மட்டுமே 4 புள்ளி. 4 வந்தாலே தெளிவுகுலைவாக இருக்கலாம் என்று மருத்துவரை அழைக்க வேண்டும். அந்தப் பாட்டிக்கு அன்றிரவு இதைச் செய்திருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

உள்வகைகளுக்கு 'கிளர்ந்த தெளிவுகுலைவு', 'ஒடுங்கிய தெளிவுகுலைவு' என்று குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது சரி. 'ஒடுங்கிய' என்பதில் ஏதோ உடல் சுருங்கிப்போனது மாதிரி ஒரு சாயல் இருக்கிறது. 'அடங்கிய' என்றாலோ குணமாகிவிட்டது போலாகிறது. இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.