நிழலில் நிற்கும் செடி இட்ட உரத்தை ஏன் எடுத்துக்கொள்வதில்லை?

கேள்வி:
ஒரே நாளில் விதைத்த இரண்டு தக்காளிக் கன்றுகளுக்கு ஒரே மண்கலவையும் ஒரே அளவு உரமும் கொடுத்து வருகிறேன். வெயில் படும் கன்று செழித்திருக்கிறது. நிழலில் உள்ளதோ நெட்டையாக ஓடி வெளிறியிருக்கிறது, அதன் மண்ணின் மேல் வெண்மையாக உப்பும் பூத்திருக்கிறது. உரத்தைக் கூட்டியும் பலனில்லை. மண்ணுக்குள் இருக்கும் வேருக்கும் வெளிச்சத்திற்கும் என்ன தொடர்பு?

பதில் 1:
முதலில் உரத்தை நிறுத்துங்கள். உரத்திலுள்ள நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகள் தண்ணீரோடு தாமாக வேருக்குள் புகுந்துவிடுவதில்லை; வேர்ச் செல் ஆற்றலைச் செலவிட்டுப் புரோட்டான்களை (நேர்மின் கொண்ட ஹைட்ரஜன் அயனிகளை) வெளியே தள்ளி, அவை திரும்பி நுழையும் விசையைக் கொண்டே இவற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஆற்றலுக்கான சர்க்கரை இலையிலிருந்துதான் இறங்கி வர வேண்டும். நிழலில் இலைக்கே பற்றாக்குறை என்னும்போது வேருக்கு மிஞ்சுவது சொற்பம். புது வேரும் அதிகம் ஓடாது. எடுக்கப்படாத உரமே பெரும்பாலும் இப்படி உப்பாகப் பூக்கிறது, கடின நீர் ஊற்றினாலும் பூக்கும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் இலைக்குள் நடப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே வந்த ஒரு நைட்ரேட்டை அம்மோனியமாக மாற்ற 8 எலக்ட்ரான்கள் தேவை. அவற்றில் 6 எலக்ட்ரான்களை, பச்சை இலையில், ஒளிச்சேர்க்கையின் ஒளிவினையே பசுங்கணிகத்திற்குள் (பச்சையம் இருக்கும் செல் உறுப்புக்குள்) நேரடியாகத் தருகிறது. முதல் படியைச் செய்யும் நைட்ரேட் ரிடக்டேஸ் என்னும் நொதியும் இருட்டில் விரைவாக அடங்கிவிடும். அதனால்தான் மங்கிய வெளிச்சத்தில் வளரும் கீரைகளில் நைட்ரேட் மாற்றப்படாமல் தேங்குகிறது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், செடிக்குள் இருந்தும் அதற்குப் பயன்படுவதில்லை. சுண்ணாம்புச்சத்தின் வழி வேறு: அது நீராவிப்போக்கு இழுக்கும் நீரோட்டத்தில்தான் மேலேறுகிறது, இலைத்துளைகளைத் திறக்கத் தூண்டுவதில் நீல ஒளிக்குப் பெரும் பங்குண்டு.

பதில் 3:
அதற்காகக் கன்றைத் திடீரென்று கடும் வெயிலில் வைத்துவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சத்துக் குறைந்த செடிக்குக் கடும் ஒளியே கேடாகலாம்: துத்தநாகமோ மக்னீசியமோ குறைந்த செடியில் ஒரே இலையின் பாதியை மறைத்து வைத்தால், மறைத்த பாதி பச்சையாகவே இருக்க, ஒளி பட்ட பாதி வெளுத்துப்போவதைக் காணலாம். செலவாகாத ஒளியாற்றல் ஆக்சிஜனைத் தீவிரமாக்கி, பச்சையத்தையே சிதைப்பதே காரணம். தொட்டியின் அடித்துளை வழியே வடியுமளவு நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி, காலை வெயிலில் ஒரு மணி நேரத்தில் தொடங்கி நாளுக்கு நாள் நீட்டுங்கள். புதுத் தளிர் பச்சையாக விரிந்த பிறகு, பாதி அளவில் உரம் கொடுங்கள்.