ஈஸ்டில் மைட்டோகாண்ட்ரியா (செல்லின் ஆற்றல் உறுப்பு) வலை நுண்ணோக்கியில் உடைந்து தெரிந்தால் காரணத்தை எங்கே தேடுவது?

புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது என்றதும் மியூட்டன்ட்டின் (மரபணு மாறிய ஈஸ்டின்) மேல் பழி போடாதீர்கள். கூடவே சாயமிட்ட வைல்ட் டைப்பும் (மரபணு மாறாத ஈஸ்டும்) அப்படியே இருந்தால் கோளாறு கையாண்ட விதத்தில். இரவெல்லாம் வளர்ந்து நிறைந்த கல்ச்சரில் வலை தானாகவே துண்டுபட்டிருக்கும். மறுபடி நீர்த்து வளர்த்து, ஓடி (கல்ச்சரின் கலங்கல் அளவு) 0.5 வரும்போது எடுங்கள். 2% குளுக்கோஸில் வலை மெலிந்தே கிடக்கும், 3% கிளிசராலில் அடர்ந்து வரும். இரண்டையும் ஒப்பிட்டுவிடக் கூடாது.

—

மைட்டோட்ராக்கர் ரெட் சிஎம்எக்ஸ்ராஸ் என்ற மைட்டோகாண்ட்ரியா சாயம் போடுகிறவர்கள் கணக்கில்தான் சறுக்குகிறார்கள். 1 மில்லிமோலார் ஸ்டாக்கில் 1 மைக்ரோலிட்டரை ஒரு மில்லி கல்ச்சரில் விட்டால் 1 மைக்ரோமோலார். செல் முழுக்கச் சிவந்துவிடும். ஸ்டாக்கை டிஎம்எஸ்ஓ கரைப்பானில் பத்து மடங்கு நீர்த்து, அதில் 1 மைக்ரோலிட்டர் விடுங்கள். 100 நானோமோலார் தாராளம். 30 டிகிரியில் 20 நிமிடம், பிறகு சிந்தெடிக் மீடியாவில் இரண்டு முறை கழுவ வேண்டும். ஈஸ்ட் சாறு கலந்த ஒய்பிடி மீடியாவிலேயே பார்த்தால் மீடியாவே ஒளிரும்.

சாயம் சவ்வு மின்னழுத்தத்தை நம்பித்தான் உள்ளே சேர்கிறது. அந்த மின்னழுத்தத்தைக் குலைக்கும் சிசிசிபி சேர்த்த ஒரு குழாய் கன்ட்ரோலாக இருக்கட்டும். அதிலும் வலை பளிச்சென்று தெரிந்தால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம்.

—

வடிவம் மட்டும் போதும் என்றால் சாயமே எதற்கு? நியூரோஸ்போரா பூஞ்சையின் ஏடிபி சிந்தேஸ் 9ஆம் துணையலகின் முன்தொடரை (புரதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பும் முகவரித் துண்டு) பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதத்தோடு ஒட்டிய பிளாஸ்மிட் (செல்லுக்குள் செலுத்தும் டிஎன்ஏ வளையம்) போதும். உள்ளே போகத்தான் மின்னழுத்தம் வேண்டும்; போன புரதம் அங்கேயே தங்கிவிடும். பின்னர் அழுத்தம் சரிந்தாலும் வடிவம் தெரியும். பிளாஸ்மிட்டைத் தக்கவைக்கும் மார்க்கர் யுராசில் என்றால் யுராசில் இல்லாத மீடியாவிலேயே வளர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பல செல்கள் பிளாஸ்மிட்டை இழந்து இருட்டாக இருக்கும்.

டபிள்யூ303 போன்ற, ஏடிஇ2 (அடினின் தயாரிக்கும் மரபணு) பழுதுள்ள ஈஸ்ட் ஸ்ட்ரெயினில் கூடுதல் அடினின் சேருங்கள். சேர்க்காவிட்டால் வாக்குவோலில் (செல்லின் சேமிப்புப் பையில்) தேங்கும் சிவப்பு நிறமி தானே ஒளிர்ந்து குழப்பும்.

—

மேலே சொல்லாத ஒன்று: காற்று. கவர்ஸ்லிப்புக்கு அடியில் நெருக்கமாகக் கிடக்கும் செல்கள் ஆக்சிஜனைச் சீக்கிரம் தின்றுவிடும். நேரம் ஆக ஆகக் குழாய்கள் சுருங்கி மணிமணியாகும். ஸ்லைடு போட்ட பத்து நிமிடத்துக்குள் படம் எடுங்கள், அடுத்ததற்குப் புது ஸ்லைடு. நீண்ட நேரம் பார்க்க வேண்டுமென்றால் அடியில் கண்ணாடி பதித்த டிஷ்ஷில் செல்களை ஒட்டிப் பிடிக்கும் கான்கனாவலின் ஏ பூசி, மேலே மீடியா நிற்க விடுங்கள். 0.3 மைக்ரான் இடைவெளியில் இருபது அடுக்குப் படங்கள் ஒரு செல்லுக்குப் போதும். லேசரைக் கூட்டினால் சில சுற்றுகளிலேயே வலை உடையும்.